மெழுகு நூலில் ஒரு பூ முடிச்சு

அருள்முருகன் எழுந்தான்.

பாயைச் சுருட்டினான். பல் தேய்த்தான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்தான். பாலை நேராக அடுப்பில் ஏற்றினான். ஃப்ரிட்ஜைத் திறக்கவில்லை. திறந்து பல மாதமாகிறது. அது பாட்டுக்கு ஓர் ஓரத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

இரண்டு டம்ளர் எடுத்தான்.

ஒன்றைத் திரும்ப வைத்தான்.

டீயைக் குடித்தான். சர்க்கரை போட்டோமா என்று தெரியவில்லை. தெரிந்து என்ன ஆகப் போகிறது?

சைக்கிளில் பூக்காரர் வந்தார். உதிரி மல்லி வாங்கினான். தரையில் உட்கார்ந்து நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டினான். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நூலைச் சுற்றி ஓர் இழுப்பு. விரல்கள் தாமாக ஓடின. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டி முடித்ததும் எழுந்து போட்டோவுக்குப் போட்டான்.

போட்டோவில் ஜெயசுதா சிரித்தாள். தலையில் ஹெல்மெட். பின்னால் ஒரு வெள்ளை இறக்கை.

அவள் கையாலேயே உருவாக்கிய விமானம்...

அவளைக் கொன்ற விமானம்!

போன் அலறியது.

"அருள்முருகனா? இன்ஸ்பெக்டர் சேவியர் பேசறேன்."

"சொல்லுங்க சார்."

"சாப்டியா?"

"தெரியல சார்."



"துன்னியா இல்லியான்னு கூடவாய்யா தெரியாது? சரி வுடு. மதகடிப்பட்டுக்கு வா. செல்லப்பன் ஒர்க் ஷாப்பு. இன்னியோட ஃபைல மூடணும். ஒரே ஒரு கையெழுத்து."

"இன்னா கையெழுத்து சார்?"

"உன் ஒய்ஃப் சாவுக்கு உன் ஒய்ஃபுதான் காரணம்னு..."

அருள்முருகன் காத்திருந்தான். கோபம் வரும். அழுகை வரும். ஏதாவது ஒன்று வரும்...

எதுவும் வரவில்லை.

"சரி சார்" என்றான்.

*

அபிஷேகப்பாக்கத்திலிருந்து வண்டியை எடுத்தான். இரண்டு பக்கமும் நெல் வயல். நெல் வயலைப் பார்க்காமல் ஓட்டுவதற்கு இப்போது பழகியிருந்தான்.

ஜெயசுதா விமானப் பொறியியல் படித்தவள். கரியமாணிக்கத்தில் அப்பாவின் கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஒரு ஷெட் போட்டாள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். இறக்கையில் ரிவெட் அடித்தது அவள். எஞ்சினை ஏற்றியது அவள். அனுமதிக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதும் அவள்.

வயரிங்கை மட்டும் அவள் தொடவில்லை.

"கரன்ட்டு சமாச்சாரம்பா. தப்பு பண்ணா நடு வானத்துல ஃபியூஸ் போட எலக்ட்ரீஷியன் வர மாட்டான். அதுக்குன்னே இருக்கறவங்ககிட்ட குடுத்துடலாம்" என்றாள்.

அதற்கென்றே இருந்தவர்தான் செல்லப்பன். வெளி மாநிலத்தில் பெரிய விமானங்களுக்கு வயர் இழுத்தவர். ஓய்வு பெற்று மதகடிப்பட்டில் கடை போட்டிருந்தார். பேச்சுக்குப் பேச்சு 'ப்ரொஃபஷனல்' என்பார்.

முதல் பறப்பு. கரும்புக்கு மேலே போனபோது எஞ்சின் நின்றது. அவள் நெல் வயலில் இறக்கப் பார்த்தாள். சக்கரம் வரப்பில் மாட்டியது...

விமானம் தலைகுப்புற விழுந்தது!

அதற்குப் பிறகு நடந்த எல்லாமே அருள்முருகனுக்கு வேறு யாருக்கோ நடந்தது போல இருந்தது.

*

ஒர்க் ஷாப் ஷட்டர் பாதி திறந்திருந்தது. வாசலில் சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நடுவில் அது கிடந்தது. ஒடிந்த இறக்கை. நசுங்கிய மூக்கு. மேலே தார்ப்பாய்.

"வாப்பா" என்றார் இன்ஸ்பெக்டர் சேவியர். கையில் டீ. "ஸ்டேஷன்ல ஏரோபிளேன் வைக்க எடமில்ல. அதான் அன்னிலேர்ந்து இங்கியே போட்டு வெச்சிருக்கோம். செல்லப்பன்தான் பத்திரமா பாத்துக்கினாரு."

செல்லப்பன் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை. நெற்றியில் திருநீறு. முகத்தில் அளந்து வைத்த சோகம்.

"தம்பி... எப்டி இருக்கீங்க?"

"இருக்கேன்ணே."

"அந்தம்மா என் பொண்ணு மாதிரி தம்பி..."

"சரிண்ணே."

சேவியர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"விஷயத்துக்கு வருவோம். டெல்லிலேர்ந்து ஆளுங்க வந்து பாத்துட்டு எர்த் லூஸுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்த எர்த்தைப் போட்டது யாருன்றதுதான் பாக்கி. செல்லப்பன், இவருக்குக் காட்டுய்யா."

செல்லப்பன் தார்ப்பாயை விலக்கினார். பானலுக்குப் பின்னாலிருந்து ஒரு வயர்க் கற்றை குடல் போலத் தொங்கியது.

"தம்பி, இந்த எஞ்சினுக்கு ரெண்டு கம்ப்யூட்டரு. ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓட்டும். அதுக்கு ரெண்டுக்கும் தனித்தனி எடத்துல எர்த் குடுக்கணும். டிராயிங்ல அப்டிதான் இருக்கு. நான் அப்டிதான் குடுத்தேன். ப்ரொஃபஷனல் வேலை! ஆனா இங்க பாருங்க..."

விரலால் காட்டினார்.

இரண்டு வயர். ஒரே போல்ட். போல்ட்டுக்கு அடியில் சுரண்டாத பெயின்ட்.

"ரெண்டையும் ஒரே எடத்துல மாட்டி வெச்சிருக்காங்க. எஞ்சின் ஆடுன ஆட்டத்துல போல்ட்டு லூஸாச்சு. ரெண்டு கம்ப்யூட்டரும் ஒண்ணா செத்துப் போச்சு."

"மாட்டுனது ஜெயசுதான்னு எப்டிச் சொல்றீங்க?" அருள்முருகன் கேட்டான். யாரோ ரயில் டைம் கேட்பது போல.

"இந்தக் கட்டப் பாருங்க தம்பி! நான் வயர் கட்டுனா பிளாஸ்டிக் டை போடுவேன். கடை பூரா அதான் கெடக்கு. இது மெழுகு நூலு. பழைய விமானங்கள்ல இதுலதான் கட்டுவாங்க. படிச்ச பொண்ணு, தெரிஞ்சி வெச்சிருக்கும். என் டையை வெட்டிட்டு, வயர மாத்திட்டு, திரும்ப நூலால கட்டியிருக்கு. அதுவும் எப்டி? அச்சு அசலா... பூ கட்டுற மாதிரி!"

சேவியர் தலையாட்டினார்.

"கடைசியா வாக்கி டாக்கில பேசுனதையும் சொல்லிடுய்யா."

செல்லப்பன் கண்ணைத் துடைத்தார். கண்ணில் துடைக்க ஒன்றுமில்லை.

"எஞ்சின் ஸ்டார்ட் ஆனதுக்கப்புறம் நான் கிட்டயே போகல சார். தூரமா வரப்புல நின்னேன். வாக்கி டாக்கி என் கையில மட்டும்தான். எஞ்சின் நின்னுச்சு. உடனே அந்தம்மா கொரலு... 'ஐயோ, நான் அந்த வயரத் தொட்டிருக்கக் கூடாது'ன்னு. அவ்ளோதான் சார். வேற ஒரு வார்த்தை இல்ல."



சேவியர் ஃபைலைத் திறந்து அருள்முருகனிடம் நீட்டினார்.

"படிச்ச பொண்ணு. ஆர்வக்கோளாறுல கை வெச்சிடுச்சி. ஒத்துக்கினு கையெழுத்து போட்டின்னா எல்லாருக்கும் நிம்மதி. இல்லன்னா கோர்ட்டு, அலைச்சல்... ஊர்ல இப்பவே இன்னா பேசறாங்கன்னு தெரியும்ல?"

தெரியும். மதகடிப்பட்டு டீக்கடையில் அவன் காதுபடவே சொன்னார்கள். பொம்பளைக்கு எதுக்குய்யா ஏரோபிளேனு?

இந்தக் கையெழுத்து விழுந்தால் அது அவள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். என்றைக்கும்! ஒவ்வொரு ஆணியையும் இரண்டு முறை சரிபார்த்தவள், கவனமில்லாமல் செத்தவள் ஆவாள்.

அவனுக்கு அது புரிந்தது. புரிந்தும் கை பேனாவை வாங்கியது. சீக்கிரம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

பேனா முனை காகிதத்தைத் தொட்டது...

நின்றது!

அவன் கண் வயர்க் கற்றையின் மேல் இருந்தது.

"சார்."

"இன்னா?"

"இது பூ முடிச்சி."

"அதத்தானய்யா அவரு தொண்ட கிழியக் கத்தினு இருக்காரு!"

"அவளுக்குப் பூ கட்டத் தெரியாது சார்."

சேவியர் சிரித்தே விட்டார்.

"வில்லியனூர்ப் பக்கத்துல பொறந்து பூ கட்டத் தெரியாத பொம்பளையா? ஏம்பா, ஏரோபிளேன் கட்டத் தெரியும், பூ கட்டத் தெரியாதா?"

"தெரியாது சார். அவ கட்டுனா தலையில வைக்கறதுக்குள்ள பாதிப் பூ கீழ கெடக்கும். எங்கம்மா கோயில் வாசல்ல பூ வித்தவங்க. எங்க வூட்ல நான்தான் கட்டுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே உறைத்தது.

சேவியரின் சிரிப்பு மெதுவாக அணைந்தது.

"இன்னா சொன்ன?"

"நான்தான் கட்டுவேன்."

"அப்போ..." இன்ஸ்பெக்டர் எழுந்தார். "அவ கட்டல. செல்லப்பன் கட்டல. அந்த வூட்ல பூ முடிச்சி போடத் தெரிஞ்ச ஒரே ஆளு... நீ!"

வாசலில் கொட்டாவி நின்றது. சிவப்புத் தொப்பி உள்ளே வந்தது. ஷட்டர் கடகடவென்று கீழே இறங்கியது!

"பொண்டாட்டி செத்து ஒரு சொட்டு கண்ணீர் வுடாத ஆளுன்னு அன்னிக்கே எனக்கு ஒரு இது இருந்துச்சி" என்றார் சேவியர். "பேசுய்யா! வயர மாத்துனது நீயா?"

"இல்ல சார்."

"நம்பணுமா?"

"வேணாம் சார்."

சேவியர் தன் வேலைக்காலத்தில் பல பேரை விசாரித்திருக்கிறார். 'நம்ப வேணாம்' என்று சொன்ன முதல் ஆள் இவன்தான். அவருக்கு அடுத்த கேள்வி மறந்து போனது.

"கட்டிக் காட்டு" என்றார் கடைசியில்.

கான்ஸ்டபிள் பெஞ்சிலிருந்து ஒரு நூல்கண்டையும் ஒரு பிடி வயர்த் துண்டுகளையும் எடுத்துப் போட்டார். அருள்முருகன் அந்தக் கிரீஸ் தரையில் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றினான். நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டினான்.

இந்தப் பக்கம் இரண்டு. அந்தப் பக்கம் இரண்டு. இழுப்பு.

சிவப்பும் நீலமுமாக வயர்த் துண்டுகள் மல்லிகை போல வரிசை கட்டின. மூன்று பேரும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள்.

"பாருங்க சார்" என்றான். "நான் ரெண்டு சுத்து சுத்துவேன். தேர் அன்னிக்கு சாமிக்குப் போற சரம், ஆட்டத்துல அவுந்துடக் கூடாதுன்னு எங்கம்மா அப்டிதான் கத்துக் குடுத்தாங்க. விமானத்துல இருக்கறது ஒரே சுத்து. கடைக்குக் கட்டுற கட்டு. வேகமா கட்டறவங்க கை."

சேவியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார்.

"ஆமாய்யா. வேற வேறதான்..." மோவாயைச் சொறிந்தார். "அப்போ இது யாரு கை? கொலை கேஸா மாத்தி, இந்தக் கட்ட லேப்புக்கு அனுப்பி..."

"லேப்பு எதுக்கு சார்?"

செல்லப்பன்!

நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து வழிந்தது.

"கொலை கேஸுலாம் வேணாம் சார். பாவம், பொண்டாட்டிய பறிகுடுத்துட்டு நிக்கிறாரு. இவர போயி சந்தேகப்படலாமா? இவருக்குத் தெரியாம அந்தம்மா கத்துக்கினு இருக்கும். பொம்பளைங்க எல்லாத்தையும் புருஷங்கிட்ட சொல்லுவாங்களா?"

"அவளுக்குத் தெரியாதுண்ணே" என்றான் அருள்முருகன்.

"தெரியும் தம்பி! கட்டுன பூ ஃப்ரிட்ஜ்ல இருக்குதுன்னு அன்னிக்கு அவங்க வாயாலயே சொன்னாங்களே!"

அருள்முருகன் நிமிர்ந்தான்.

பல மாதங்களாக அவன் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

"எப்போ சொன்னா?"

"அது... காலைல. ஏறதுக்கு முன்னாடி."

"இல்லண்ணே."

"இன்னா இல்ல?"

"அன்னிக்குப் பூக்காரரு லேட்டு. காத்து நல்லா இருக்கு, நான் முன்னாடி போறேன், நீ பூவோட வந்துருன்னு சொல்லிட்டு அவ கெளம்பிட்டா. நான் கட்டி முடிச்சிட்டு போன் பண்ணேன். அவ உள்ள ஒக்காந்துட்டா. போன்ல எஞ்சின் சத்தம் கேட்டுச்சி. பூ கட்டிட்டேன், எடுத்துனு வரட்டான்னு கேட்டேன். ஹெல்மெட்டுல நசுங்கிடும், ஃப்ரிட்ஜ்ல வை, எறங்கினப்புறம் வெச்சிக்கிறேன்னா. கெளம்பப் போறேன், போன வைன்னா. வெச்சிட்டேன்."

நிறுத்தினான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அந்தப் பூ இன்னும் ஃப்ரிட்ஜ்லதான் சார் இருக்கு. நான் தெறக்கல. யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. ஃப்ரிட்ஜ்ல வைக்கறதுன்றது அவளுக்குத் தோணுனதே எஞ்சின் ஓடறப்போதான். இவரு எஞ்சின் ஸ்டார்ட் ஆனதுக்கப்புறம் கிட்டயே போகலன்னாரு. அப்போ ஃப்ரிட்ஜ் பத்தி இவருக்கு எப்டித் தெரியும்?"

சேவியர் மெதுவாகத் திரும்பினார்.

"அவ கடைசியா போன்ல பேசுனது இவங்கிட்டதான். டீடெய்ல் எங்கிட்ட இருக்கு. செல்லப்பா... அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு பேசறதுக்கு இருந்த ஒரே வழி உன் கையில இருந்த வாக்கி டாக்கி. அதுல ஒரே ஒரு வரிதான் பேசுச்சின்ன. அந்த வரில ஃப்ரிட்ஜ் எங்கய்யா இருந்துச்சி?"

செல்லப்பன் ஷட்டரைப் பார்த்தார். ஷட்டர் இறங்கியிருந்தது.

தரையில் உட்கார்ந்தார்.

"நான் கொல்லணும்னு நெனைக்கல சார்..."

"இன்னா நெனச்ச?"

"ரெண்டு எர்த்தையும் ஒரே போல்ட்ல குடுத்தது நான்தான். ரிட்டயர் ஆனதுலேர்ந்து வூட்டு வயரிங் பழக்கம் சார். எல்லா எர்த்தையும் ஒரே எடத்துல கொண்டாந்து முடிக்கறது. முந்தின நாளு அந்தம்மா கண்டுபுடிச்சிட்டாங்க. மாத்துங்கண்ணேன்னாங்க. பானல திரும்பக் கழட்டணும்... சோம்பலா இருந்துச்சி. மாத்திட்டேன்னு சொல்லிட்டு மூடிட்டேன். ப்ரொஃபஷனல் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டாங்க."

"அந்தப் பூ முடிச்சி?"

"விமானம் என் ஷெட்லதானே சார் இருந்துச்சி. டெல்லிக்காரங்க வர்றதுக்கு முன்னாடி என் டையை எல்லாம் வெட்டிட்டேன். அந்தம்மா கட்டுன பூன்னு சொன்னது காதுலயே இருந்துச்சி. பொம்பள, பூ கட்டத் தெரியும்... அவங்கதான் கை வெச்சாங்கன்னு காட்ட இதவுட நல்ல ஐடியா இல்லன்னு நெனச்சேன். என் பொண்டாட்டி கடைக்குப் பூ கட்டறவ. அவள வுட்டுக் கட்டச் சொன்னேன். வயருக்குப் போயி பூ முடிச்சான்னு அவகூட சிரிச்சா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்!"

சேவியர் ஃபைலை மூடினார்.

"நீ ப்ரொஃபஷனல்தான்யா. ஏரோபிளேனுக்கு ஒழுங்கா வயர் இழுக்கல. ஆனா ஜெயிலுக்கு நீயே கனெக்‌ஷன் குடுத்துக்கின பாரு... அதுல ஒரு லூஸு இல்ல!"

கான்ஸ்டபிள் செல்லப்பனின் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றான் அருள்முருகன்.

எழுந்து செல்லப்பனுக்கு எதிரில் வந்து நின்றான். கையில் அவன் கட்டிய வயர்ச் சரம் தொங்கியது. இத்தனை மாதமும் அவன் காதில் இருந்தது 'போன வை' மட்டும்தான். அதற்கு மேல் இந்த ஆள் ஒட்டவைத்த அந்தப் பொய்.

"அவ நெஜமா இன்னாண்ணே சொன்னா?"

"வேணாம் தம்பி..."

"சொல்லுங்க. ஒரு வார்த்தை வுடாம."

செல்லப்பன் கண்ணைத் துடைத்தார். இந்த முறை துடைக்க ஏதோ இருந்தது.

"பதறவே இல்ல தம்பி அந்தம்மா. பக்கத்து வூட்டுக்குப் போறேன்னு சொல்றவங்க மாதிரி..."

"சொல்லுங்கண்ணே."

செல்லப்பன் சொன்னார்.

"'அண்ணே, எஞ்சின் நின்னுடுச்சி. கரும்பத் தாண்டி நெல்லுல எறக்கறேன். எங்க வூட்டுக்காரர் வந்தா சொல்லுங்க... கட்டுன பூ ஃப்ரிட்ஜ்லயே இருக்கட்டும், நான் வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாவும் போல!'"